மரையும் பெயரும்: திருகுமரை நிழற்படக் கருவியின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

ஒரு பொருளின் வரலாற்றை அதன் பெயர்வழியே சென்று காணலாம் என்னும் கருத்து அறிஞரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அவ்வழிச் சென்று பயன் கண்ட இடங்களும் பல. ஆயினும், பெயர் ஒன்றாக இருத்தல்பற்றிப் பொருளும் ஒன்றே எனக் கொண்டு இடர்ப்பட்ட இடங்களையும் தமிழ் இலக்கிய வரலாறு பயின்றோர் நன்கு அறிவர். ஔவையார் என்னும் பெயர் ஒன்று; அப்பெயர் பூண்ட புலவரோ ஒருவர் அல்லர். சங்கச் செய்யுள் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒருவரே எனக் கொள்ளின் காலக்கணக்கு முழுவதும் குழம்பும். அவர்களை வேறு பிரித்துக் காட்டியது பெயர் அன்று. நூலின் உள்ளே அமைந்த சொல்லும் யாப்பும் பொருளுமேயாம்.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியம் அன்று; ஒரு கைக்கருவி. எனினும் சிக்கல் அதுவே. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உலகெங்கும் வழங்கிய ஒருவகை நிழற்படக் கருவியில், வில்லையை உடலோடு பொருத்தும் திருகுமரை ஒன்று உண்டு. அதனைச் சிலர் ‘பிராக்டிகா மரை’ என்றனர். சிலர் ‘பென்டாக்ஸ் மரை’ என்றனர். வேறு சிலர் ‘பொது மரை’ என்றனர். ஒரு மரைக்கு மூன்று பெயர் எவ்வாறு வந்தன? அவற்றுள் வரலாற்றுக்கு ஒத்தது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே எம் நோக்கம். விடை காணும் வழியில், அம்மரையைக் கொண்ட கருவிகளுள் தலைசிறந்ததாகிய ஆசாகி பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் என்பதன் உறுப்பமைதியையும் ஆராய்வோம்.

2. சொல்லும் பொருளும்

காமிரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். இருண்ட அறையின் சிறுதுளை வழியே புறக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக வீழ்வதைக் கண்ட முன்னோர் அவ்வமைப்பை ‘இருளறை’ என்று வழங்கினர். அத்தொடரில் ‘அறை’ என்னும் பகுதி மட்டும் எஞ்சி நின்று கருவிக்குப் பெயராயிற்று. தமிழில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூவகையாக வழங்கும் சொற்களுள் நிழற்படம் என்பதனை ஈண்டு மேற்கொள்கின்றோம்.

நிழற்படக் கருவியில் காட்சியை நோக்கும் முறை இருவகைப்படும். படம் பதிக்கும் வில்லை ஒன்றாகவும், நோக்கும் சாளரம் வேறொன்றாகவும் அமைவது ஒரு வகை. இதில் கண் காண்பதும் பிலிம் காண்பதும் முற்றும் ஒன்றல்ல. படம் பதிக்கும் அவ்வில்லையின் வழியே கண்ணும் காணுமாறு அமைவது மற்றொரு வகை. இதில் வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு கண்ணாடி 45 பாகைச் சாய்வில் நிற்கும். உள்ளே புகும் ஒளியை அது மேலே திருப்பி ஒரு மங்கற்கண்ணாடியில் வீழ்த்தும். படம் பதிக்கும் நொடியில் கண்ணாடி மேலெழுந்து வழிவிடும். ஒளி பிலிமைச் சேரும். ஒரே வில்லை இரு தொழிலும் செய்தலின் இதனை ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கருவி என்பர்.

இக்கருவியின் சிறப்பு, வில்லையை மாற்றினும் கண் காண்பதே படமாதலில் உள்ளது. தொலைவு நோக்கும் வில்லையோ அகன்று நோக்கும் வில்லையோ எதனை இட்டாலும் நோக்கும் சாளரத்தைத் திருத்த வேண்டுவதில்லை. ஆகவே இவ்வகைக் கருவியில் வில்லையும் உடலும் கூடுமிடம் மிக முதன்மையானது. அக்கூட்டத்தைச் செய்வனவும் இரண்டு. துப்பாக்கி முனையில் குத்துவாளைப் பொருத்துதல்போலச் செருகிச் சிறிதே திருப்பிப் பூட்டுவது செருகுபூட்டு. பன்முறை சுழற்றி இறுக்குவது திருகுமரை.

3. மரை பிறந்த ஊர்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் எல்பா ஆற்றங்கரையில் உள்ள டிரெஸ்டன் நகரம் நிழற்படக் கருவித் தொழிலுக்குப் பேர்பெற்றது. 1926இல் நான்கு பெருந்தொழிலகங்கள் ஒன்றாகிச் சைஸ் ஐகான் என்னும் நிறுவனம் தோன்றிற்று. அதன் கான்டாக்ஸ் என்னும் கருவி 1932இல் வெளிவந்தது. அஃது எதிரொளிப்பு வகையைச் சார்ந்ததன்று; தொலைவளக்கும் தனிச்சாளரம் உடையது. அந்நகரத்திலேயே இகாகி என்னும் தொழிலகம் 1936இல் கினே எக்சாக்டா என்னும் 35 மில்லிமீட்டர் எதிரொளிப்புக் கருவியை வெளியிட்டது; அது செருகுபூட்டு உடையது.

டிரெஸ்டனில் மற்றொரு தொழிலகமும் இருந்தது. காமிரா வெர்க்ஸ்டேட்டன் என்னும் அதனை 1919இல் நிறுவியவர் பவுல் குத்தே, பென்னோ தோர்ஷ் என்னும் இருவர். நாஜியர் ஆட்சியில் யூதர்க்கு நேர்ந்த இன்னலால் தோர்ஷ் நாடு நீங்க வேண்டியவரானார். 1938இல் அமெரிக்காவில் தொழில் நடத்திய சார்லஸ் நோபிள் என்பவரோடு உடைமையை மாற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். நோபிளின் பொறுப்பில் 1939இல் பிராக்டிஃப்ளெக்ஸ் என்னும் எதிரொளிப்புக் கருவி வெளிவந்தது. அதன் வில்லை திருகுமரையால் பொருந்தியது. மரையின் விட்டம் 40 மில்லிமீட்டர். நாம் ஆராயும் மரையின் உடனடி முன்னோன் இதுவே எனலாம்.

1945 பிப்ரவரித் திங்களில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சால் எரிந்தது. போர் முடிந்தபின் அப்பகுதி சோவியத்துப் படையின் ஆட்சிக்கு உட்பட்டது. நோபிளும் அவர் மகனும் சிறைப்பட்டனர். மகன் வோர்குட்டா என்னும் வடபுலத் தண்டனை முகாமிலிருந்து 1955இல்தான் விடுதலை பெற்றார். தொழிலகம் அரசுடைமையாயிற்று. பழைய கான்டாக்ஸ் கருவியை உருவாக்கும் பொறிகளும் வரைவுகளும் உக்ரைனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே அக்கருவி ‘கீவ்’ என்னும் புதுப்பெயர் பெற்றது. பொருள் சென்றது, பெயர் செல்லவில்லை. இதனை முதற்சான்றாகக் குறித்துக்கொள்வோம்.

இடிபாடுகளின் இடையே டிரெஸ்டன் தொழிலாளர் மீண்டும் பணி தொடங்கினர். 1949இல் இரண்டு கருவிகள் அந்நகரத்திலிருந்து வெளிவந்தன. ஒன்று சைஸ் ஐகானின் கான்டாக்ஸ் எஸ். மற்றொன்று காமிரா வெர்க்ஸ்டேட்டனின் பிராக்டிகா. இரண்டும் வெவ்வேறு தொழிலகத்தின் ஆக்கங்களாயினும் வில்லை பொருந்தும் மரை ஒன்றே. விட்டம் 42 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏற்றம் 1 மில்லிமீட்டர். மரையின் முகத்திலிருந்து பிலிம்வரை உள்ள தொலைவு ஏறத்தாழ 45.5 மில்லிமீட்டர். கடைசல் பொறி உடைய எப்பட்டறையும் இவ்வளவுகளைக் கொண்டு அம்மரையை வெட்டலாம். அதன் எளிமையே பின்னர் அதன் பரப்புக்குக் காரணமாயிற்று.

4. ஐம்முகப் பட்டகமும் பெயர் வழக்கும்

கான்டாக்ஸ் எஸ் கருவியில் மற்றொரு புதுமையும் இருந்தது. மங்கற்கண்ணாடியில் வீழும் உருவை மேலிருந்து குனிந்து நோக்குங்கால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றும். ஓடும் பொருளைப் பின்தொடர்தல் அரிது. மங்கற்கண்ணாடியின்மேல் ஐம்முகப் பட்டகம் ஒன்றை அமைத்து இக்குறையை நீக்கினர். கருவியைக் கண்மட்டத்தில் வைத்து நேர்முகமாக நோக்கினால், காட்சி இடவலம் மாறாமல் நிமிர்ந்து தோன்றும். ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியில் ரெக்டாஃப்ளெக்ஸ் என்னும் கருவியும் இவ்வமைப்போடு தோன்றிற்று. ஆதலின் முதன்மை ஒருவர்க்கே உரியது என வழக்காடுதல் வேண்டா.

வழக்கு எழுந்தது பிறிதொன்றன்மேல். ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபின் மேற்குப் பகுதியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் சைஸ் ஐகான் என்னும் பெயரிலேயே ஒரு நிறுவனம் நிலைபெற்றது. கான்டாக்ஸ் என்னும் பெயர் தமக்கே உரியது என அவர் வாதிட்டனர். மேலைநாடுகளில் விற்குமிடத்து டிரெஸ்டன் கருவி அப்பெயரைத் துறக்க நேர்ந்தது. பட்டகத்தைக் குறிக்கும் சொல்லின் முதலையும் கான்டாக்ஸ் என்பதன் ஒரு கூற்றையும் இணைத்துப் ‘பென்டகான்’ என்னும் பெயர் புனைந்தனர். அதே முறையில் ‘பென்டாக்ஸ்’ என்னும் பெயரையும் டிரெஸ்டன் நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்தது. இரு சொற்களும் ஒரே பகுதிகளிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் என்பது அவற்றைப் பிரித்து நோக்கின் விளங்கும். பென்டகான் டிரெஸ்டனில் தங்கிற்று. பென்டாக்ஸ் கடல் கடந்தது.

5. கிழக்கே சென்ற மரை

டோக்கியோ நகரத்தில் 1919இல் தோன்றிய ஆசாகி என்னும் ஒளியியல் தொழிலகம் தொடக்கத்தில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்துவந்தது. 1952இல் அஃது ஆசாகிஃப்ளெக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. ஜப்பானில் செய்யப்பட்ட முதல் 35 மில்லிமீட்டர் ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கருவி அதுவே. அதன் மரை 37 மில்லிமீட்டர் விட்டம் உடையது.

அக்காலத்து எதிரொளிப்புக் கருவிகளில் ஒரு குறை இருந்தது. படம் பதித்தவுடன் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். பிலிமை அடுத்த படத்திற்கு நகர்த்தும்வரை நோக்குவோர்க்கு இருளே தோன்றும். 1954இல் வந்த ஆசாகிஃப்ளெக்ஸின் புதிய வடிவில் கண்ணாடி தன் தொழில் முடிந்த அக்கணமே மீண்டு கீழிறங்கிற்று. இதற்கு முன்னரே ஹங்கேரி நாட்டு டூஃப்ளெக்ஸ் கருவியில் இவ்வமைப்பு இருந்தது. ஆயினும் அது பரவவில்லை. உலகம் இதனைக் கற்றது ஆசாகியிடமிருந்தே.

1957இல் ஆசாகி பென்டாக்ஸ் தோன்றிற்று. அதில் நான்கு இழைகள் ஒன்றுகூடின: டிரெஸ்டனின் 42 மில்லிமீட்டர் மரை, ஐம்முகப் பட்டகம், உடனே மீளும் கண்ணாடி, வலக்கைப் பெருவிரலால் பிலிமை நகர்த்தும் நெம்பு. பெயரும் டிரெஸ்டனிலிருந்து பெறப்பட்டதே. தன் சொந்த 37 மில்லிமீட்டர் மரையை ஆசாகி கைவிட்டது ஏன்? அந்நாளில் டிரெஸ்டன் மரைக்கு ஏற்ற வில்லைகள் சந்தையில் பல இருந்தன. புதியதோர் உடலை வாங்குவோர் பழைய வில்லைகளையும் பயன்கொள்ளலாம் என்பது பெரிய நன்மை. இதுவே காரணமாதல் வேண்டும் என்பது எம் துணிபு.

அதன்பின் மரை விரைந்து பரவிற்று. மேற்கு ஜெர்மனியில் விஸ்பாடன் நகரத்து எடிக்சா கருவியில் முன்னரே அஃது இடம்பெற்றிருந்தது. சோவியத்து நாட்டுச் செனிட் கருவிகள் முதலில் 39 மில்லிமீட்டர் மரை கொண்டிருந்து, 1960களின் பிற்பகுதியில் இதற்கு மாறின. அவற்றோடு வழங்கிய ஹீலியாஸ் 58 மில்லிமீட்டர் வில்லை, யேனா நகரத்துச் சைஸ் தொழிலகத்தின் பயோட்டார் வில்லையின் வழிவந்ததே. ஜப்பானில் யாஷிகா, மாமியா, ரிக்கோ, சினான், ஃபியூஜி முதலியோரும் இதனை ஏற்றனர். அரசியலால் பிரிந்து நின்ற இரு முகாம்களிலும் செய்யப்பட்ட வில்லைகள் ஒன்றன் உடலில் மற்றொன்று பொருந்தின. ‘பொது மரை’ என்னும் பெயர் எழுந்த சூழல் இதுவாம்.

6. ஸ்பாட்மாட்டிக்கின் உறுப்பமைதி

இம்மரை கொண்ட கருவிகளுள் பெரும்புகழ் பெற்றது 1964இல் விற்பனைக்கு வந்த ஸ்பாட்மாட்டிக். அதன் பெயரே ஒரு பாடம். 1960இல் கொலோன் நகரத்துக் கண்காட்சியில் இதன் முன்மாதிரி காட்டப்பட்டபோது, காட்சியின் நடுவிலுள்ள சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்குமாறு அமைந்திருந்தது. புள்ளியைக் குறிக்கும் சொல் பெயரில் முதலாக நிற்பது அதனால். ஆனால் 1964இல் வந்த கருவியோ மங்கற்கண்ணாடி முழுவதன் ஒளியையும் கூட்டிச் சராசரியாக அளந்தது. பொருள் மாறிற்று, பெயர் மாறவில்லை. பெயரை மட்டும் நோக்கி இக்கருவி புள்ளியை அளப்பது என எழுதுவோர் பிழைபடுவர்.

அளக்கும் முறை வருமாறு. நோக்கும் சாளரத்தின் இருபுறமும் காட்மியம் சல்பைடு என்னும் பொருளாலான ஒளியுணர் கண்கள் இரண்டு அமைந்துள்ளன. மரையின் இடப்பக்கத்தே உள்ள பொத்தானை மேலே தள்ளினால், வில்லையின் ஒளித்துளை தேர்ந்த அளவுக்குச் சுருங்கும், அளவியும் தொழிற்படும். சாளரத்தின் வலவோரத்தில் ஒரு முள் அசையும். ஷட்டரின் வேகத்தையோ ஒளித்துளையையோ திருப்பி, முள்ளை நடுவே நிறுத்தினால் ஒளியளவு சரியாகும். ஷட்டரை அழுத்திப் படம் பதித்தவுடன் பொத்தான் தானே கீழிறங்கும். வில்லைவழிப் புகுந்த ஒளியையே அளத்தல் இதற்குமுன் 1963இல் வந்த டாப்கான் கருவியிலும் இருந்தது; அதனைப் பெருவழக்காக்கியதில் ஸ்பாட்மாட்டிக்கிற்குப் பெரும்பங்கு உண்டு.

ஷட்டர் பிலிமின் முன்னே குறுக்காக ஓடும் துணித்திரைகளால் ஆயது. ஒரு நொடி முதல் நொடியில் ஆயிரத்திலொரு பங்குவரை அதன் வேகம் அமையும். வேகத்தைக் குறிக்கும் வட்டு மேற்புறத்தில் உள்ளது. பிலிமின் ஒளியுணர்வு எண்ணைக் காட்டும் சிறு சாளரமும் அவ்வட்டிலேயே அடங்கும். ஷட்டர் முறுக்கேறி நிற்கிறதா என்பதனை அழுத்துமுனையின் அருகே தோன்றும் செந்நிறம் அறிவிக்கும். தானே படம் பதிக்கும் தாமத நெம்பு முன்புறத்தில் உண்டு. பின்மூடியைத் திறத்தற்குப் பிலிமை மீளச் சுருட்டும் குமிழை மேலே இழுத்தல் வேண்டும்.

இக்கருவி ஒன்றனைக் கையிலெடுத்து யாம் நோக்கியபோது எம் கருத்தைக் கவர்ந்தது மரையே. வில்லையைச் சுழற்றிக் கழற்றியபின் உள்ளே ஒரு சிறு தகடு தோன்றும். ஷட்டரை அழுத்துங்கால் அது முன்வந்து, வில்லையின் பின்னே நிற்கும் ஊசியைத் தள்ளும். தள்ளவே ஒளித்துளை சுருங்கும். காட்சியை நோக்கும்போது துளை முழுதும் திறந்து ஒளி மிக்கும், பதிக்கும்போது தேர்ந்த அளவிலும் இருத்தற்கு இதுவே வழி. ஊசி முன்பின்னாக அசைவதன்றிச் சுற்றிச் சுழல்வதில்லை. இவ்வமைப்பும் 1950களின் நடுவில் டிரெஸ்டன் கருவிகளில் தோன்றியதே.

7. பொதுமையின் எல்லை

மரையின் எளிமை ஆக்கத்திற்குக் காரணமானதுபோலவே இறுதிக்கும் காரணமாயிற்று. துளையைச் சுருக்காமலே ஒளியளக்க வேண்டுமாயின், தேர்ந்த துளையின் அளவு எத்துணை என்பதனை வில்லை உடலுக்குத் தெரிவித்தல் வேண்டும். அதற்கு வில்லை ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் வந்து நிற்றல் வேண்டும். செருகுபூட்டு அவ்வாறு நிற்கும். திருகுமரையோ தேய்மானத்தாலும் இறுக்கத்தாலும் சிறிது முன்னோ பின்னோ நிற்கும். மேலும், பன்முறை சுழற்ற வேண்டுதலின் விரைந்து வில்லை மாற்றவும் இயலாது.

தொழிலகங்கள் தத்தமக்குத் தோன்றிய வழியில் இடர் தீர்க்க முயன்றன. டிரெஸ்டன் பிராக்டிகா 1969இல் வில்லையின் பின்னே மின்தொடர்புப் புள்ளிகளை வைத்தது. ஆசாகி 1971இல் வந்த மின்னணு ஸ்பாட்மாட்டிக்கிலும் 1973இல் வந்த ஸ்பாட்மாட்டிக் எஃப் என்பதிலும் தனக்கென ஒரு நெம்பை அமைத்தது. ஃபியூஜி வேறொரு முறையை மேற்கொண்டது. மரை ஒன்றாகவே இருந்தது. வில்லையும் உடலும் பேசிக்கொண்ட மொழி மட்டும் ஊருக்கு ஒன்றாயிற்று. ஓரெழுத்தைக் கொண்டு பல மொழி எழுதுதல் போன்றது இது. எழுத்தை அறிந்தோன் படிக்கலாம். பொருளை உணர்தல் அரிது.

1975இல் ஆசாகி மரையைக் கைவிட்டுக் கே எனப்படும் செருகுபூட்டினை மேற்கொண்டது. டிரெஸ்டன் 1970களின் இறுதியில் தனக்குரிய செருகுபூட்டினைக் கண்டபோதிலும், மரை கொண்ட பிராக்டிகாவை 1980களின் இறுதிவரை செய்துவந்தது.

8. முடிபு

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ‘பென்டாக்ஸ் மரை’ என்பது, மரையை உலகெங்கும் பரப்பியவரை நோக்கி எழுந்த பெயர். பிறப்பை நோக்கின் பொருந்தாது. ‘பிராக்டிகா மரை’ என்பது பிறந்த ஊரை நோக்கின் பொருந்தும். ஆயின் உடன்தோன்றிய கான்டாக்ஸ் எஸ் கருவியை மறைத்துவிடும். கான்டாக்ஸ் தன் பெயரை இழந்தமையாலேயே மரையின் பெயரிலும் இடம் இழந்தது போலும். ‘பொது மரை’ என்பது இடைக்காலத்து நிலைக்கு ஏற்கும். 1969க்குப் பின்னர் முழுதும் ஏலாது. மூன்று பெயரும் மூன்று காலத்து உண்மையைத் தனித்தனியே கூறுவன; ஒன்றும் முழுமை உடையதன்று.

பெயர்களின் பிற்கால வரலாறும் இதனையே வலியுறுத்தும். கான்டாக்ஸ் என்னும் பெயர் 1975இல் யாஷிகாவின் கருவியில் தோன்றி ஜப்பானியப் பெயராகவே 2005வரை வாழ்ந்தது. வியன்னாவில் 1756இல் தொடங்கிய ஃபாய்ட்லாந்தர் என்பாரின் பெயரைத் தாங்கி, இம்மரையுடைய ஒரு கருவி 2003இல் வெளிவந்தது. அதனைச் செய்தது ஜப்பானியக் கொசீனா நிறுவனம். டிரெஸ்டனில் புனைந்த பென்டாக்ஸ் என்னும் சொல் 2011 முதல் ரிக்கோ நிறுவனத்தின் உடைமை. இப்பெயர்களை மட்டும் கொண்டு ஒருவர் வரலாறு எழுதின், செய்தோர் ஒருவராகவும் புகழ்பெறுவோர் மற்றொருவராகவும் முடியும். அகதியாய் நீங்கிய தோர்ஷும், எரிந்த நகரத்தில் மீண்டும் கடைசல் பொறியை இயக்கிய தொழிலாளரும் அவ்வரலாற்றில் இடம்பெறார்.

ஆனால் பெயரில்லாத ஒன்று மாறாது நின்றது. 1975இல் ஆசாகி செருகுபூட்டுக்கு மாறியபோது, பூட்டின் முகத்திலிருந்து பிலிம்வரை உள்ள தொலைவை மாற்றவில்லை. மரைக்கு இருந்த அதே 45.5 மில்லிமீட்டர் அளவையே மேற்கொண்டது. அதனால் ஒரு வளையத்தை இடையே இட்டால் பழைய வில்லை புதிய உடலிலும் தொலைவெல்லை குன்றாமல் பொருந்திற்று. கே பூட்டினை ஏற்ற எண்மக் கருவிகளும் அவ்வளவையே பின்பற்றுகின்றன. 1949இல் டிரெஸ்டனில் வகுத்த ஓர் அளவு, உரிமை வழக்குக்கும் ஆட்சி மாற்றத்திற்கும் ஆட்படாமல் இன்றும் வாழ்கின்றது. பெயருக்கு உரிமை கோரினோர் பலர். அளவுக்கு உரிமை கோரினோர் இலர்.

ஏட்டுச்சுவடியின் முகப்பில் எழுதிய பெயரை நம்பி ஆசிரியரைத் துணிதல் கூடாது. உள்ளே புகுந்து நூலின் அமைதியை நோக்குக என மாணவர்க்குக் கூறிவருகின்றோம். கருவியின் வரலாற்றுக்கும் அந்நெறியே ஏற்றது. முகப்பில் பொறித்த பெயரினும், வில்லையைக் கழற்றியபின் தோன்றும் மரையும் ஊசியும் அளவும் நம்பத்தக்க சான்றுகளாம்.